தாத்தா பெட்டியில இருந்த கார்ன்வாலிஸ் மெடல்: வெள்ளியா செம்பா, யார் யாருக்கு கொடுத்தது?

தம்பி கேட்டதை சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். கிருஷ்ணகிரி பக்கம் பூர்வீக வீட்டை இடிக்கும்போது பரண்ல இருந்த டிரங்குப் பெட்டியில ஒரு பெரிய வெள்ளி வில்லை கிடைச்சிருக்கு. ஒரு பக்கம் வெள்ளைக்காரர் ஒருத்தரோட முகம், இன்னொரு பக்கம் ஆளுங்க கூட்டமா நிக்க நடுவுல ரெண்டு சின்னப் பசங்க. எழுத்து இங்கிலீஷ் மாதிரி இருக்கு, ஆனா படிச்சா ஒண்ணும் புரியல. வீட்டுல காலங்காலமா சொல்ற கதை, பூட்டனாருக்கு கவர்னர் துரை வீரத்துக்காக கையால கொடுத்ததுன்னு. பஜார்ல ஒருத்தர் "இது சார்லஸ் ராஜா மெடல்"னு சொல்லியிருக்கார், இன்னொருத்தர் எடை போட்டு வெள்ளி ரேட்டுக்கே எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார். இது என்னது, ஒரிஜினலா, வித்தா எவ்வளவு போகும், இதான் கேள்வி.

முதல்ல அந்த எடை போட்ட ஆள்கிட்ட திரும்ப போகாதீங்க. மத்ததை பொறுமையா பாப்போம்.

முகம் இருக்கிற பக்கத்துல சுத்தி இருக்கிற எழுத்து நீங்க எழுதி அனுப்பினபடி பாத்தா "கரோலுஸ் மார்கியோ கார்ன்வாலிஸ் ஸ்ட்ராடெகுஸ் அகெர்ரிமுஸ்". இது இங்கிலீஷ் இல்ல, லத்தீன். கரோலுஸ்னா சார்லஸ், அதனாலதான் பஜார்காரர் சார்லஸ் ராஜான்னுட்டார், பாதி சரி. ராஜா இல்ல, சார்லஸ் கார்ன்வாலிஸ். மார்கியோன்னா மார்க்விஸ் பட்டம், மிச்சம் ரெண்டு வார்த்தைக்கு "வேகமும் தீவிரமும் உள்ள படைத்தலைவர்"னு வெச்சுக்கலாம். அந்த மார்க்விஸ் பட்டமே அவருக்கு 1792லதான் கிடைச்சது, அதனால அதுக்கு முன்னாடி இந்த மெடல் வந்திருக்க வாய்ப்பே இல்ல.

பின்பக்கம் மேல "ஃபாஸ் சிட் பார்கெரே ஹோஸ்டி". எதிரிக்கு உயிர்ப்பிச்சை கொடுக்கிறது தர்மமாகட்டும்னு அர்த்தம். கீழ கோட்டுக்கு அடியில "சுல்தானோ திப்பூ டெவிக்டோ ஓப்சிடெஸ் ரெகிபிட்", அதாவது திப்பு சுல்தானை தோக்கடிச்சு பிணைக்கைதிகளை ஏத்துக்கறார், அதுக்கு அடியில ரோமன் எண்ல 1792. நடுவுல நிக்கிற ரெண்டு பசங்க வேற யாரும் இல்ல, திப்புவோட மகன்கள் அப்துல் காலிக்கும் முயிசுதீனும். பத்து வயசை ஒட்டி ஒருத்தன், அதுக்கும் கீழ ஒருத்தன்.

கார்ன்வாலிஸ் யாருன்னா, அமெரிக்காவுல 1781 அக்டோபர்ல யார்க்டவுன்ல வாஷிங்டன் படைகிட்ட சரணடைஞ்சாரே அதே ஆள். அந்த தோல்விக்கப்புறம் 1786ல இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலா அனுப்பினாங்க. வங்காளத்துல ஜமீன்தாருக்கு நிலவரியை நிரந்தரமா நிர்ணயிச்ச 1793 சட்டம் இவரோடதுதான், ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. திப்புவோட நடந்த மைசூர் போர்ல 1790ல மெட்ராஸ் கவர்னர் மெடோஸ் படை நடத்தி பெரிசா ஒண்ணும் ஆகலன்னதும் கார்ன்வாலிஸ் தானே இறங்கி வந்தார், 1791 மார்ச்ல பெங்களூரை பிடிச்சார், மே மாசம் ஸ்ரீரங்கப்பட்டணம் வாசல் வரைக்கும் போயிட்டு தீவனம் இல்லாம மாடு செத்து, பெரிய பீரங்கிகளை தானே உடைச்சுப் போட்டுட்டு திரும்பினார். அடுத்த வருஷம் நிஜாம் படையும் மராத்தா படையும் கூட இருக்க 1792 பிப்ரவரில திரும்ப வந்து முற்றுகை போட்டார், அப்பதான் திப்பு பேச்சுவார்த்தைக்கு வந்தது.

இதுல உங்க ஊருக்கு ஒரு சங்கதி இருக்கு. 1791 நவம்பர்ல மேக்ஸ்வெல்ங்கிற ஈஸ்ட் இந்தியா கம்பெனி அதிகாரி கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை பிடிக்கப் பாத்து முடியாம திரும்பினார், கீழ் ஊரை பிடிச்சாங்க, மேல ஏற விடல. சண்டையில கிடைக்காத அந்த மலை, அடுத்த வருஷம் மார்ச் மாசம் போட்ட ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்துல பேப்பர்ல கிடைச்சது. திப்பு தன் ராஜ்யத்துல பாதியை விட்டுக்கொடுத்தார், கம்பெனி பங்குக்கு வந்தது மலபார், திண்டுக்கல், அப்புறம் பாராமகால்னு சொல்ற உங்க பக்கம், அதாவது இன்னிக்கு கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் வட்டாரம். அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வரி நிர்ணயம் பண்ண வந்தது இதுக்கப்புறம்தான். ஆக உங்க கையில இருக்கிற மெடல் எந்த ஒப்பந்தத்தை கொண்டாடுதோ, அதே ஒப்பந்தத்துலதான் உங்க ஊர் கைமாறுச்சு. பூட்டனார் கதையை விட இது எனக்கு சுவாரசியமா இருக்கு.

நிலம் மட்டும் இல்ல, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம் வேற. பாதி உடனே, மீதி தவணை. இந்த தவணை பாக்கிக்குத்தான் ரெண்டு பசங்களை பிணையா எடுத்தாங்க. 1792 பிப்ரவரி 26, யானை மேல ரெண்டு பேரும் கம்பெனி முகாமுக்கு வந்தாங்க, பீரங்கி மரியாதை எல்லாம் போட்டாங்க, கார்ன்வாலிஸ் கூடாரத்து வாசல்லயே ரெண்டு பேரையும் கட்டிப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு போய் ஆளுக்கு ஒரு தங்க வாட்ச் கொடுத்தார். வட்டிக்கடைக்காரர் அடகு நகைக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு பூஜை அறையில வெச்ச மாதிரிதான், வேற என்ன சொல்ல. அதே முகாம்ல அதே நாட்கள்ல மெடோஸ், மெட்ராஸ் கவர்னர், தன்னைத்தானே பிஸ்டலால சுட்டுக்கிட்டார், ஆனா பொழச்சுட்டார். அது எந்த மெடல்லயும் வரல.

இங்கிலாந்துல இந்த காட்சி பயங்கர ஹிட். அமெரிக்காவை விட்டவர், இப்ப இந்தியாவுல ஜெயிச்சதோட பசங்களை அப்பா மாதிரி பாத்துக்கறார்னு ஒரு கதை கிடைச்சதும் ஓவியர்கள் போட்டி போட்டு வரைஞ்சாங்க. ராபர்ட் ஹோம்னு ஒருத்தர் நேர்ல முகாம்ல இருந்து பாத்து வரைஞ்சார், மேதர் பிரவுன், ஹென்றி சிங்கிள்டன் எல்லாம் லண்டன்ல உக்காந்தே வரைஞ்சாங்க. அச்சுப் படமா போட்டு வித்தாங்க. அந்த அலையில வந்ததுதான் உங்க மெடலும். இதை புரிஞ்சுக்கிட்டா மீதி கேள்விக்கு பதில் தானா வந்துடும்.

ஏன்னா இது யாரும் யாருக்கும் கொடுத்த பதக்கம் இல்ல தம்பி. விக்கிறதுக்காக செஞ்சது. பர்மிங்காம் பக்கத்துல சோஹோங்கிற இடத்துல மேத்யூ போல்டன்னு ஒரு பெரிய தொழிலதிபர், ஜேம்ஸ் வாட்டோட நீராவி எஞ்சின் பார்ட்னர், அவர் 1780கள் கடைசியில நீராவியில ஓடற நாணய ஆலை ஒண்ணு ஆரம்பிச்சார். பட்டன், ஷூ பக்கிள், வெள்ளி முலாம் சாமான்ல இருந்து வந்தவர், எது விக்கும்னு மூக்குலயே தெரியும். 1793ல கொன்ராட் ஹைன்ரிக் க்யூஹ்லர்னு ஒரு ஜெர்மன் அச்சுச் செதுக்குற கலைஞர் அவர்கிட்ட வேலைக்கு சேர்ந்தார். அந்த கூட்டணியில வந்த ஆரம்ப மெடல்கள்ல இது ஒண்ணு. அதே ஆள்தான் பிரெஞ்சு ராஜா பதினாறாம் லூயி குடும்பத்துகிட்ட விடைபெறுற மெடல், அப்புறம் 1797 பெரிய செம்பு பென்னி, 1805 டிரஃபால்கர் மெடல் எல்லாம் செதுக்கினது. பரபரப்பா இருக்கிற எந்த சம்பவம் வந்தாலும் சோஹோவுல ஒரு மெடல் போட்டுடுவாங்க, இப்ப மேட்ச் ஜெயிச்சா மறுநாளே டீஷர்ட் வர்ற மாதிரி. அதனால மெடல்ல 1792ன்னு இருந்தாலும் அது சம்பவம் நடந்த வருஷம், அடிச்ச வருஷம் இல்ல. செதுக்கினவரே 93லதானே அங்க வந்து சேர்ந்தார்.

அப்ப பூட்டனார் கதை? கொஞ்சம் கணக்கு போட்டு பாருங்க. உங்க தாத்தாவோட தாத்தாவுக்கு அப்பான்னு வெச்சாலும் 1850, 60 பக்கம்தான் வரும், 1792 வராது. ரெண்டாவது, சிப்பாய்களுக்கு கம்பெனி நிஜமாவே ஒரு மைசூர் மெடல் கொடுத்துச்சு, அது வேற டிசைன்: சிப்பாய் ஒருத்தர் கொடியை பிடிச்சுக்கிட்டு கீழ விழுந்த பீரங்கி மேல கால் வெச்சு நிப்பார், பின்னாடி கோட்டை தெரியும், கழுத்துல மாட்ட மேல வளையம் இருக்கும். 1799 கடைசி போருக்கு கொடுத்தது இன்னொண்ணு, அதுல சிங்கம் புலியை கீழ தள்ளி அமுக்குற மாதிரி இருக்கும். இந்த சிங்கம் புலி மெடலும் சோஹோவுல க்யூஹ்லர் செதுக்கினதுதான், பதவிக்கு தகுந்த மாதிரி தங்கம், வெள்ளிக்கு தங்க முலாம், வெள்ளி, செம்பு, தகரம்னு அஞ்சு தரத்துல கொடுத்தாங்க, சாதா சிப்பாய்க்கு தகரம்தான். அந்த ரெண்டுல எது உங்க பெட்டியில இருந்திருந்தாலும் குடும்பத்துல யாரோ படையில இருந்தாங்கன்னு நம்ப ஒரு இடம் உண்டு. இதுல அந்த இடம் இல்ல. பின்னாடி யாரோ ஒரு துரை ஊரைவிட்டு போகும்போது ஏலத்துல விட்ட சாமான்லயோ, அடகுல மூழ்கிப் போன பொருளாவோ வந்திருக்கலாம், சம்பளத்துக்கு பதிலா கூட கொடுத்திருக்கலாம். வீட்டுப் பெரியவங்க மனசு நோகாம சொல்லிக்கோங்க. பூட்டனார் காசு கொடுத்து வாங்கியிருந்தா அதுவும் ஒண்ணும் கேவலம் இல்லியே.

இப்ப மெயின் விஷயம், வெள்ளி. இந்த மெடல்ல கண்ணுல படறது பெரும்பாலும் செம்புதான், அதுல பழுப்பு நிறம் ஏத்தினது இருக்கும், தங்க முலாம் பூசினது இருக்கும். நிஜ வெள்ளியில அடிச்சது அபூர்வம். காரணம் சிம்பிள், போல்டன் வியாபாரி, செம்புல நிறைய அடிச்சு வெப்பார், வெள்ளி காசுள்ளவங்க கேட்டா அடிக்கிறது. அதனால ஒருத்தர் "என்கிட்ட கார்ன்வாலிஸ் வெள்ளி இருக்கு"ன்னா என் முதல் நினைப்பு வெள்ளி முலாம் பூசின செம்பா இருக்கும்ங்கிறதுதான், உங்க மேல சந்தேகம் இல்ல, பழக்கதோஷம்.

கண்டுபிடிக்க வழி இருக்கு, ஆனா என்ன பண்ணக்கூடாதுன்னு முதல்ல சொல்லிடறேன். சேட்டு கடையில உரைகல்லுல உரச விடாதீங்க, ஓரத்துல அரம் போட விடாதீங்க, ஆசிட் சொட்டு வைக்க விடாதீங்க. அது கொலுசுக்கு ஓகே. நகைக்கடையில இருக்கிற காரட் மீட்டர் மெஷின் சேதம் பண்ணாது, ஆனா மேல் தோலை மட்டும்தான் படிக்கும், கெட்டியா முலாம் இருந்தா 92ன்னோ 95ன்னோ காட்டி ஏமாத்திடும். காந்தம் வெச்சுப் பாக்கிறது சுத்த வேஸ்ட், செம்பும் ஒட்டாது வெள்ளியும் ஒட்டாது.

நம்பிக்கையான வழி ஆர்க்கிமிடீஸ் கண்டுபிடிச்சதுதான். 0.01 கிராம் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு ஆன்லைன்ல கிடைக்குது. முதல்ல மெடலை சும்மா எடை போடுங்க. அப்புறம் தராசு மேல ஒரு பிளாஸ்டிக் டம்ளர்ல சுத்தமான தண்ணி வெச்சு ஜீரோ பண்ணிட்டு, மெல்லிசான நூல்ல மெடலை கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி கையால தொங்க விடுங்க, அடியிலயோ பக்கத்துலயோ படக்கூடாது, காத்துக்குமிழி ஒட்டியிருந்தா லேசா ஆட்டி விடுங்க. இப்ப தராசு காட்டுற நம்பரால முதல் எடையை வகுத்தா அடர்த்தி வந்துடும். உதாரணத்துக்கு மெடல் 55 கிராம்னு வெச்சுக்கோங்க. தண்ணியில 5.3 காட்டினா 10.4 பக்கம் வருது, வெள்ளி. சுத்த வெள்ளிக்கு 10.49, கொஞ்சம் செம்பு கலந்தா 10.3, 10.4ன்னு இறங்கும். 6.2 காட்டினா 8.9 வருது, அது செம்பு, மேல எவ்வளவு வெள்ளையா பளபளத்தாலும் செம்புதான். 7.5 காட்டினா 7.3, தகரக் கலவை. செம்புக்கும் வெள்ளிக்கும் நடுவுல ஒண்ணரை பாயிண்ட் வித்தியாசம் இருக்கிறதால வீட்டு தராசுலயே தெளிவா தெரிஞ்சிடும். ஒரே ஒரு எச்சரிக்கை, இந்த மாதிரி மெடல்களை அந்தக் காலத்துல ரெண்டு பக்கமும் வாட்ச் கண்ணாடி மாதிரி மூடி ஃபிரேம் போட்டும் வெச்சிருப்பாங்க, உங்களோடது அப்படி கண்ணாடிக்குள்ள இருந்தா தண்ணியில போடவே போடாதீங்க, உள்ள ஈரம் இறங்கி கெட்டுடும்.

முலாமா இருந்தா கண்ணுக்கும் துப்பு கிடைக்கும். தேயுற இடம் மேடான இடம், அதாவது கார்ன்வாலிஸோட கன்னம், காதுக்கு மேல முடி, விளிம்பு. அங்க லென்ஸ் வெச்சு பாத்தா சிவப்பு எட்டிப் பாக்கும். கரண்ட் வெச்சு முலாம் பூசுற முறையே அதே பர்மிங்காம்ல எல்கிங்டன் 1840ல பேட்டன்ட் வாங்கினதுக்கப்புறம்தான் பரவுச்சு, அதனால அந்த மாதிரி முலாம் இருந்தா மெடல் பழசா இருந்தாலும் பூச்சு பின்னாடி யாரோ பூசினது. வெள்ளி முத்திரை, அதான் நகையில போடற ஹால்மார்க் மாதிரி, எங்கயும் இல்லன்னு கவலைப்பட்டிருந்தீங்க. இந்த மாதிரி மெடல்ல அது பொதுவா இருக்காது, இல்லாதது குறை இல்ல.

வெள்ளிதான்னு உறுதியாச்சுன்னு வெச்சுப்போம். அடுத்தது, அது அடிச்சதா வார்த்ததா. சோஹோ மெடல் எஃகு அச்சுல அழுத்தி அடிச்சது, எழுத்தோட ஓரம் கத்தி மாதிரி இருக்கும், எழுத்துக்கு நடுவுல இருக்கிற சமதளம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். பின்னாடி யாராவது ஒரிஜினலை மண்ணுலயோ மெழுகுலயோ அச்சு எடுத்து வெள்ளியை உருக்கி ஊத்தியிருந்தா சமதளத்துல ஊசி குத்தின மாதிரி பொடி ஓட்டை இருக்கும், எழுத்து சோப்பு கரைஞ்ச மாதிரி மழுங்கி இருக்கும், விளிம்புல அரம் போட்டு தேச்ச தடம் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால வார்த்தது ஒரிஜினலை விட கொஞ்சம் சின்னதாவும் இருக்கும். ஒரிஜினல் குறுக்களவு 48 மில்லிமீட்டர் பக்கம். நீங்க ஸ்கேல்ல வெச்சு 4.8 சென்டின்னு சொன்னீங்க, நல்ல சகுனம், ஆனா ஸ்கேலை நம்பாம நுணுக்கமா அளக்குற வெர்னியர் காலிப்பர் ஒண்ணு வாங்கி அளந்துடுங்க. க்யூஹ்லர் கையெழுத்தா அவர் பேரோட முதல் எழுத்துகள் சின்னதா இருக்கும், அதையும் லென்ஸ்ல தேடுங்க, வார்த்ததுல முதல்ல கரையுறது அதுதான்.

இன்னொரு சிக்கல் உண்டு, இது தெரிஞ்சவங்களே தடுமாறுற இடம். போல்டன் 1809ல செத்தார், ஆலை அவர் மகன், பேரன்னு போய் 1850ல ஏலத்துக்கு வந்துச்சு. மெஷின்களை ஹீட்டன் குடும்பம் வாங்கினாங்க, அது பின்னாடி பர்மிங்காம் மின்ட்டா ஆச்சு. பழைய அச்சுகள் நிறைய லண்டன்ல டெய்லர்னு ஒரு அச்சுத் தொழிலாளி கைக்கு போச்சு, அவர் சும்மா இருப்பாரா, பல சோஹோ நாணயம், மெடல்களை அதே அச்சுல திரும்ப அடிச்சு சேகரிப்பாளர்களுக்கு வித்தார். அச்சு நிஜம், அடிச்ச காலம் பொய். பல வருஷம் சும்மா கிடந்த அச்சுல துரு பிடிச்சிருக்கும், துருக்குழியில உலோகம் ஏறி மெடல் மேல மணல் தூவின மாதிரி பொடிப்பொடியா மேடு நிக்கும். சோஹோ அச்சுல வந்த எந்த மெடலைப் பாத்தாலும் இந்த கேள்வியை ஒரு தடவை கேட்டுக்கறது என் வழக்கம். உங்க போட்டோவுல சமதளம் சுத்தமா தெரியுது, ஆனா போன் கேமரா முகத்தையே வழுவழுப்பாக்குற காலம் இது, மெடலை விடுமா. பகல்ல ஜன்னல் ஓரம் சாய்ச்சு வெச்சு, ஃபிளாஷ் போடாம, பியூட்டி மோட் இல்லாம திரும்ப எடுங்க.

நம்ம ஊர் சந்தையில சுத்துற போலி வேற ரகம், அதையும் சொல்லிடறேன். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், இன்னொரு பக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818ன்னு போட்ட பித்தளை வில்லையை எல்லா ஊர்லயும் விக்கிறாங்க, அரிசியை இழுக்கும், இரிடியம், கோடி ரூபான்னு ரைஸ் புல்லிங் கும்பல் ஏமாத்துறது அதை வெச்சுத்தான். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்ல. உங்களோடது அந்த ஜாதி இல்ல, ஆனா "கம்பெனி மெடல் இருக்கு"ன்னு நாலு பேர்கிட்ட சொன்னீங்கன்னா அந்த கும்பல் ஆள் போன் பண்ணுவான், தயவுசெஞ்சு பேச்சே கொடுக்காதீங்க. நிஜமா சோஹோவுல அடிச்சு மெட்ராஸுக்கு வந்த காசு வேணும்னா 1803 தேதி போட்ட 20 காசு, 10 காசு செம்பு பாருங்க, அது இன்னும் சாதாரணமா கிடைக்குது. 1808 தேதி போட்ட 10 காசும் 20 காசும் டன் கணக்குல அட்மிரல் கார்ட்னர்ங்கிற கப்பல்ல மெட்ராஸுக்கு கிளம்பி, 1809 ஜனவரில இங்கிலாந்து கரையை விட்டு தாண்டறதுக்குள்ளயே குட்வின் மணல்திட்டுல மூழ்கிப் போச்சு. 1980கள்ல எடுத்து உலகம் பூரா வித்தாங்க. நானும் ஒண்ணு வெச்சிருக்கேன், மெட்ராஸ் வரவேண்டிய காசு 200 வருஷம் லேட்டா தபால்ல வந்துச்சு.

சுத்தம் பண்றதை பத்தி. கருத்து இருக்கேன்னு அம்மா விபூதி போட்டு தேய்க்கலாமான்னு கேட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. வேண்டாம்னு அம்மா கால்ல விழுந்து சொல்லுங்க. குத்துவிளக்குக்கு புளி, வெள்ளித் தட்டுக்கு விபூதி, எல்லாம் சரி, ஏன்னா அதை தேச்சு தேச்சுத்தான் நாம புழங்கறோம். மெடல்ல அந்த கருப்பு காத்துல இருக்கிற கந்தகத்தால வெள்ளி மேல படிஞ்ச மெல்லிய தோல், பல வருஷமா நிதானமா வந்தது, சேகரிக்கிறவன் அதுக்குத்தான் காசு கொடுக்கிறான். விபூதி, பல்பொடி, பேஸ்ட் எதுல தேச்சாலும் ஆயிரக்கணக்கா மெல்லிய கீறல் விழும், லைட்டுல திருப்பினதும் தெரிஞ்சிடும், மதிப்பு பாதிக்கு கீழ போனாலும் ஆச்சரியம் இல்ல. விளிம்பை மட்டும் பிடிச்சு தூக்குங்க, முகத்துல விரல் படக்கூடாது. ஸ்டேஷனரி கடையில கிடைக்கிற பி.வி.சி. கவர்ல போட்டா சில வருஷத்துல பச்சையா பிசுபிசுன்னு படியும், அதனால மைலார் கவரோ, நாணயம் வெக்கிற அக்ரிலிக் டப்பாவோ வாங்குங்க. மெடல் மேல வளையம் ஒட்டின தழும்பு இருக்கான்னும் பாருங்க, நம்ம ஊர்ல ஓட்டை போட்டு பிள்ளைங்க கழுத்துல கட்டிடுவாங்க, அப்படி ஆன மெடல் நிறைய பாத்திருக்கேன்.

விலை கேட்டீங்க. நம்பர் சொல்ல மாட்டேன், ஏன்னா வெள்ளியா, சோஹோ காலத்து அடியா, தேய்மானம் எவ்வளவு, இந்த மூணுக்கும் பதில் வராம சொல்ற எந்த நம்பரும் ஜோசியம். ஆனா ஒண்ணு சொல்றேன், நீங்க சொன்ன எடைக்கு வெள்ளி ரேட்டு போட்டா வர்ற தொகை இந்த மெடலோட விலையில ஒரு துணுக்குதான், எடைக்கு கேட்ட ஆள் ஒண்ணு தெரியாதவர், இல்ல ரொம்பத் தெரிஞ்சவர். விக்கிறதுன்னா பேர் உள்ள நாணய ஏல நிறுவனம் ரெண்டு மூணு கிட்ட போட்டோ காட்டி எழுத்துல கருத்து வாங்குங்க. செம்புன்னு முடிவானாலும் மனசு விடாதீங்க, நல்ல நிலையில இருக்கிற செம்பு கார்ன்வாலிஸுக்கும் ஆள் இருக்கு.

சட்டம் ரெண்டு வரியில. 100 வருஷத்துக்கு மேல ஆன இந்த மாதிரி பொருள் 1972 தொல்பொருள் சட்டத்துல வரும், வீட்டுல வெச்சுக்க தடை இல்ல, ஆனா அனுமதி இல்லாம வெளிநாட்டுக்கு அனுப்பினா குற்றம், அதனால "லண்டன்ல நல்ல விலை, கூரியர் போடுங்க"ன்னு எவனாவது சொன்னா காதுலயே வாங்காதீங்க. பரண்ல டிரங்குப் பெட்டியில கிடைச்சது உங்க குடும்பச் சொத்து. அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணுக்குள்ள ஏதாவது கிடைச்சா மட்டும் கதை வேற, அது 1878 புதையல் சட்டம், கலெக்டருக்கு தெரிவிச்சாகணும். வீடு இடிக்கிற வேலை இன்னும் பாக்கி இருக்குன்னு சொன்னதால இதை சொல்றேன்.

அந்த பசங்க என்ன ஆனாங்கன்னு நீங்க கேக்கல, ஆனா மெடலை கையில வெச்சிருக்கிறவர் தெரிஞ்சுக்கணும். ரெண்டு பேரையும் மெட்ராஸ் கொண்டு வந்து கோட்டையில வெச்சாங்க. கூட இருந்து பாத்துக்கிட்டது டவ்டன்ங்கிற அதிகாரி, நுங்கம்பாக்கத்துல விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ் வளாகத்துல இருக்கிற டவ்டன் ஹவுஸ் அவர் பேர்லதான். திப்பு தவணையை கட்டி முடிச்சதும் 1794ல திருப்பி அனுப்பினாங்க. அஞ்சே வருஷம், 1799 மே 4ஆம் தேதி திப்பு கோட்டை வாசல்ல செத்தார், குடும்பம் மொத்தமும் வேலூர் கோட்டைக்கு வந்துச்சு. 1806 ஜூலை 10 வேலூர்ல சிப்பாய்கள் எழுந்து திப்புவோட கொடியை ஏத்தினதும், இவங்க இங்க இருந்தா ஆபத்துன்னு கல்கத்தாவுக்கு கடத்திட்டாங்க. மெடல்ல "எதிரிக்கு உயிர்ப்பிச்சை"ன்னு எழுதினது கார்ன்வாலிஸ் இல்ல, பர்மிங்காம்காரங்க, அவங்களுக்கு 1799ம் தெரியாது 1806ம் தெரியாது, அதுவரைக்கும் நான் மன்னிக்கிறேன். ஆனா கடனுக்கு குழந்தையை பிடிச்சு வெக்கிறதுக்கு கருணைன்னு லத்தீன்ல பேர் வெக்கலாம்னு கண்டுபிடிச்ச மூளை சாதாரண மூளை இல்ல.

கார்ன்வாலிஸ் 1805ல ரெண்டாவது தடவை கவர்னர் ஜெனரலா வந்து சில மாசத்துலயே காஜிப்பூர்ல இறந்தார், சமாதி அங்கதான் இருக்கு. அதுக்கு முன்னாடியே மெட்ராஸ்காரங்க அவருக்கு தாமஸ் பேங்க்ஸ்னு லண்டன் சிற்பிகிட்ட சொல்லி பளிங்குச் சிலை வரவழைச்சு 1800ல கோட்டைக்குள்ள வெச்சாங்க. தேனாம்பேட்டையில செனடாஃப் ரோடுன்னு இருக்கே, அது கார்ன்வாலிஸ் நினைவு மண்டபம் இருந்த இடத்தால வந்த பேர். சிலை ஊர் பூரா இடம் மாறி இப்ப செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியத்துல நிக்குது. ஸ்கூல்ல ஹாக்கி அடிபட்டு அவருக்கு ஒரு கண் லேசா மாறுகண், சிற்பி அதையும் விடாம செதுக்கியிருக்கார்ங்கிறது சென்னையில பழைய பேச்சு. மெடல்ல பக்கவாட்டு முகம், அதனால க்யூஹ்லர் தப்பிச்சுட்டார்.

அந்த சிலையோட பீடத்துல உங்க மெடல்ல இருக்கிற அதே காட்சிதான் செதுக்கியிருக்கு, கார்ன்வாலிஸ், ரெண்டு பசங்க, சுத்தி கூட்டம். எடையும் தண்ணி நம்பரும் எடுத்து அனுப்பிட்டு, அடுத்த தடவை சென்னை வரும்போது ஒரு நடை போய் பாருங்க. வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு. மெடலை மட்டும் சட்டைப் பையில போட்டுக்கிட்டு போயிடாதீங்க, உள்ள இருந்து வெளிய வரும்போது "இது எங்க தாத்தாது சார்"னு செக்யூரிட்டிகிட்ட லத்தீன்ல விளக்க வேண்டி வரும், போன்ல போட்டோ போதும்.